டேப்பை லாக் பண்ணுங்கம்மா

போன வாரம் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு, உடல் அளவுக் கணக்கெடுப்பில் மறு அளவு எடுக்கப் போயிருந்தேன். களப்பணியாளர்கள் அளந்தவர்களில் சிலரை மேற்பார்வையாளர் திரும்ப அளந்து பார்ப்பது வழக்கம். பீடி சுற்றும் அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும். மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார். முந்தின நாள் எழுதிய தாளில் வயிற்றுச் சுற்றளவு 78.5 செ.மீ. நான் அளந்தால் 82. சந்தேகத்தில் இன்னொரு தரம் அளந்தேன், 82.2. ஒரே ராத்திரியில் யாருக்கும் மூன்றரை சென்டிமீட்டர் தொப்பை போடாது.

நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதுதான் எல்லைக்கோடு. அதைத் தொட்டுவிட்டால் சர்க்கரை, இதய நோய் பக்கம் ஒரு கண் வைக்க வேண்டும். இந்த அம்மா தாளில் கோட்டுக்கு இந்தப் பக்கம், உண்மையில் அந்தப் பக்கம்.

அளந்த பெண்ணைக் கூப்பிட்டு எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். “சுத்திப் போட்டேன் மேடம். டேப்பே இழுத்துப் பிடிச்சுக்குது. அது எங்க நிக்குதோ அதை எழுதினேன்” என்றாள். பொய் சொல்லவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. தானே சுருண்டுகொள்ளும் பெட்டி டேப்பில் ஸ்பிரிங் இருப்பதே சரியான இறுக்கத்தில் அளப்பதற்காகத்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இதை நான் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! படித்துப் பட்டம் வாங்கிய ஆய்வு மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

அந்த வட்டப் பெட்டிக்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று சுருண்டு கிடக்கிறது. அதன் வேலை டேப்பைத் திரும்பச் சுருட்டி வைப்பது, அவ்வளவுதான். பையில் சிக்கு விழாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. டேப்பை எவ்வளவு நீளம் வெளியே இழுக்கிறோமோ, அவ்வளவுக்கு அது உள்ளே இழுக்கும் விசையும் கூடும். அப்படியென்றால் 65 செ.மீ. இருக்கிற ஒல்லிப் பெண்ணை லேசாக இழுக்கும், 105 செ.மீ. இருக்கிறவரை அழுத்தி இழுக்கும். யாருக்கு அளவு சரியாகத் தெரிய வேண்டுமோ அவருக்கே அதிகமாகக் குறைத்துக் காட்டுகிறது. புழுதி ஏறிய பழைய டேப்பு ஒரு மாதிரி இழுக்கும், பெட்டி பிரித்த புது டேப்பு வேறு மாதிரி இழுக்கும். வயிறு என்ன மரக்கட்டையா? அழுத்தினால் உள்ளே போகத்தான் செய்யும்.

நம்பாதவர்கள் வீட்டில் ஒரு தலையணையைச் சுற்றி டேப்பைப் போட்டு, ஸ்பிரிங்கை அதன் போக்கில் விட்டுப் பாருங்கள். துணியில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைத்தான் இத்தனை நாள் அளவு என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

(இறுக்கத்தைக் காட்டுவதற்கென்றே முனையில் தனியாகக் குறி வைத்த டேப்பு உண்டு. அது வேறு சாதி. இந்தப் பெட்டி டேப்போடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பட்டனை அழுத்தினால் மட்டும் சுருங்குகிற வகையை வாங்குங்கள். அதிலும் அளக்கும்போது கட்டைவிரல் பட்டன்மேல் போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிற வகைதான் கையில் இருக்கிறது என்றால், தேவைக்குமேல் ஒரு சாண் வெளியே இழுத்து லாக் போட்டுவிட்டு அளக்க வேண்டும். டேப்பு தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அந்த இறுக்கத்தை உங்கள் விரல்தான் சொல்ல வேண்டும்.

லாங் பஜாரில் ஹார்டுவேர் கடையில் ஆசாரி டேப்பு வாங்கி வந்து நிற்கிற ஆட்களும் உண்டு. “டேப்பு டேப்புதானே மேடம்?” இல்லைங்க. அந்தத் தகடு வளைந்து உடம்போடு ஒட்டாது. முனையிலிருக்கும் கொக்கி ஒரு மில்லிமீட்டர் போல ஆடும், ஆசாரிக்கு அது வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். விட்டால் சர்ரென்று உள்ளே போய்க் கையைக் கிழிக்கும். குழந்தைக்குப் புஜச் சுற்றளவு எடுக்க அதைக் கொண்டுபோன ஒருவரை நானே தடுத்திருக்கிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு.

அடுத்தது ‘இடுப்பு’. நம் பேச்சில் சேலை கட்டுகிற இடமெல்லாம் இடுப்புதான். பாவாடை நாடா பட்டுக் கறுத்த தழும்பு இருக்கிறதே, நிறையப் பேர் அதன் மேலேயே டேப்பைப் போட்டுவிடுகிறார்கள். அது ஆளுக்கு ஆள் ஏறும், இறங்கும். தொப்புளும் அப்படித்தான், வயதானால் சரியும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். டேப்பு அங்கேதான் போக வேண்டும். அரைஞாண் கயிறு, லுங்கி முடிச்சு எதுவும் அடியில் சிக்கக் கூடாது.

மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது படியுங்கள். “வயித்தை எக்காதீங்க” என்று சொன்னால்தான் பலர் எக்கவே ஆரம்பிப்பார்கள், அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளங்கள். முதுகுப் பக்கம் டேப்பு இறங்கியிருக்கிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். இரண்டு முறை எடுங்கள். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் சராசரி, மேலே போனால் இரண்டையும் அடித்துவிட்டுத் திரும்ப. எல்லா எண்ணும் 0, 5 என்றே முடிந்தால் நீங்கள் அளக்கவில்லை, உத்தேசமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். இஞ்ச் பக்கம் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள், தாளில் ‘34’ என்று வந்தால் நான் என்ன செய்வது?

வாரம் ஒருமுறை டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். வேலூர் மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள், தயவுசெய்து. முனை பிய்ந்த டேப்பை ‘ஒன்றிலிருந்து படித்துக்கொள்ளலாம்’ என்று வைத்திருக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு அளந்துகொண்டிருந்தபோது அந்த அம்மா சிரித்தார். “நேத்து அந்தப் பொண்ணு, இன்னிக்கு நீ. இன்னாம்மா, ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?” என்றார். பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் ஒரே டேப்பால் எடுத்தது நாற்பது வீடு. திங்கட்கிழமை அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போகிறோம், அவளும் கூட வருகிறாள்.