பட்டாளத்து வண்டி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய இராணுவ ஜீப்போ ஜோங்காவோ வாங்கும் எண்ணத்தோடு என் பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எஞ்சின் ஓடுமா, பாடியில் துரு எவ்வளவு, முடிக்க எத்தனை லட்சம் ஆகும் என்பதைத்தான். இவற்றுக்கெல்லாம் பெங்களூரில் விடை கிடைத்துவிடும். ஜே.சி. ரோட்டில் இல்லாத பாகத்தைச் சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய இரும்புச் சந்தையில், தேடலாம். அங்கும் இல்லாததை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஈ.எம்.இ.காரர்களில் (பட்டாளத்தின் வண்டி பழுதுபார்க்கும் பிரிவினரில்), ஷக்திமான் லாரியின் கியர்பாக்ஸைக் கையேடு பார்க்காமலே பிரித்துப் பூட்டக்கூடியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வண்டியிலுள்ள சேஸிஸ் (அடிச்சட்டம்) எண் அதனுடையதுதானா, அது பட்டாளத்தை விட்டு முறையாக வெளியே வந்ததற்குக் காகிதம் உண்டா, அதைப் பிரிக்கிறவர் மூச்சில் என்னென்ன போகும் என்ற கேள்விகள்தாம் முன்பணம் கைமாறிய பிறகு எழுகின்றன. நான் இங்கே எழுதுவது அந்தக் கேள்விகளைப் பற்றி.

நம் ஊரில் 'மிலிட்டரி ஜீப்' என்று விற்கப்படுவது ஒரே பொருளன்று. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் சேர்ந்து ஏறத்தாழ 6.4 லட்சம் போர்க்கால ஜீப்புகளைச் செய்தன. வில்லிஸ் செய்தது எம்.பி., ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. போர் முடிந்தபோது இந்தியாவில் தங்கிப்போனவை மேற்கு வங்கத்துப் பானாகர் போன்ற இடங்களிலிருந்து உபரிச் சரக்காக நாடெங்கும் பரவின. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது; பிறகு வந்த சி.ஜே.-3பி என்னும் 'ஹை பானெட்' வண்டியைப் பல பத்தாண்டுகள் இங்கேயே செய்தது. ஜோங்காவோ நிஸான் பேட்ரோல் பி60-ஐ அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் செய்யப்பட்ட, நான்கு லிட்டருக்குச் சற்றே குறைந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட வண்டி. இந்த மூன்றுக்கும் விலையிலும் அருமையிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. விற்பவர் எப்போதும் முதல் வகையின் பெயரைத்தான் சொல்வார்.

போர்க்கால ஜீப் என்று சொல்லப்படும் வண்டியின் முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போர்க்கால வண்டியின் கிரில்லில் ஒன்பது துளைகள், பிந்தைய சி.ஜே. என்னும் சிவிலியன் வகையில் ஏழு என்பது பலருக்கும் தெரிந்த அடையாளம். தெரிந்ததனாலேயே அது மதிப்பிழந்துவிட்டது, ஏனெனில் ஒன்பது துளைக் கிரில்லைப் புதிதாக அடித்து மாட்டுவது ஒரு நாள் வேலை. விளக்குகளைப் பாருங்கள்: போர்க்கால ஜீப்பில் அவை கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கி இருக்கும், இரவில் எஞ்சினைப் பழுதுபார்க்க வெளிச்சம் விழும்படி அவற்றைப் பின்பக்கம் திருப்பவும் முடியும். டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் ஊற்ற மெத்தையைத் தூக்க வேண்டும். சி.ஜே.யில் டேங்கின் மூடி பாடிக்கு வெளியே தெரியும். பின்னால் திறந்து மூடும் கதவு இருந்தால் அது போர்க்கால பாடி அன்று. இவற்றையும் வெட்டி ஒட்டலாம் என்பதால் நான் கடைசியில் நம்புவது சேஸிஸை. ரேடியேட்டருக்குக் கீழே இரு நீளச் சட்டங்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டில் கவிழ்த்த 'யு' வடிவத் தகடாக இருக்கும். ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட்டுகளின் தலையிலும்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. ஆனால் எஃப் போல்ட்டுகள் இன்று தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. போல்ட்டைக் காட்டி விலையை ஏற்றுபவரிடம் குறுக்குச் சட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சேஸிஸ் எண் இருக்கும் இடமும் வேறுபடும். ஃபோர்டில் அது இடப்பக்க நீளச் சட்டத்தின் மேற்பரப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வில்லிஸில் இடப்பக்கச் சட்டத்தின் உட்புறம், முன் பம்பருக்குப் பின்னால், ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அந்தத் தகடு துருவில் உதிர்ந்துபோன வண்டிகள் நிறைய உண்டு. உதிர்ந்த இடத்தில் யாரோ புது எண்ணை உளியால் பதித்திருப்பதும் நடக்கிறது. கிரைண்டர் ஓடிய வழவழப்பு, எண்ணைச் சுற்றி மட்டும் புதிய பெயிண்ட், எழுத்துகள் ஒரே கோட்டில் நில்லாமல் ஏறி இறங்குவது, பக்கத்தில் காரணமில்லாத வெல்டிங் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நான் விலை பேசும் கட்டத்துக்கே போக மாட்டேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுப்பதுபோல எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நீங்களே ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். "பேப்பர் எல்லாம் கிளியர்ணா, நீங்க வண்டியப் பாருங்க" என்று குஜிரிக்காரர் சொல்லும்போது, வண்டியை விட்டுவிட்டுப் பேப்பரைப் பார்ப்பதே முறை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புப் பணியில் இருக்கும் மத்திய அரசு வாகனங்கள் நம்மைப்போல ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்யப்படுவதில்லை. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் தனி எண்ணே அவற்றுக்கு உண்டு. அரசின் உடைமையிலிருந்து விலகியதும் மற்ற வாகனங்களுக்குரிய பதிவு விதிகள் அவற்றுக்கும் பொருந்தும். ஆகவே பட்டாளத்திலிருந்து நேராக வந்த வண்டி எதுவானாலும், ஏல விற்பனைக் கடிதம், விடுவிப்பு ஆணை, பணம் கட்டிய ரசீது, வாயில் அனுமதிச் சீட்டு ஆகியவை ஒரே சேஸிஸ் எண்ணைச் சொல்ல வேண்டும். அரசுத் துறைகளின் உபரிப் பொருள்கள் பெரிதும் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னேலம் வழியாகவே போகின்றன. இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதே விற்பனை நிபந்தனை. வண்டி ஓட்டுவதற்காக விற்கப்பட்டதா, உடைப்பதற்காக விற்கப்பட்டதா என்பதை ஏல அறிவிப்பின் சிறிய எழுத்துகளில் தேடிப் படியுங்கள். உடைப்பதற்காக விற்ற வண்டியின் சேஸிஸை எடுத்து, எப்போதோ செத்துப்போன இன்னொரு ஜீப்பின் ஆர்.சி.யோடு சேர்த்து விற்பதுதான் இந்தத் தொழிலில் மலிந்து கிடக்கும் மோசடி. அந்த வண்டியை எவ்வளவு அழகாகச் செப்பனிட்டாலும் அது உங்களுடையது ஆகாது.

இன்னொரு மாற்றத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1 ஏப்ரல் 2023 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். நாட்டின் பாதுகாப்புச் செயற்பாடுகளில் உள்ள கவச வாகனங்கள் முதலான சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. அரசு ஜீப்புகள் ஏலத்தில் எடுப்பவர் கைக்கு ஓடும் நிலையிலேயே வந்துகொண்டிருந்த காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். அதனால் ஏற்கெனவே ஆர்.சி. உள்ள வண்டிகளின் விலையும், அந்த ஆர்.சி.களைச் சுற்றிய தில்லுமுல்லும் ஏறிக்கொண்டிருக்கின்றன.

அப்படி ஆர்.சி. உள்ள வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள் ஒரு வழி திறந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை இவ்விதிகளின்கீழ் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000, சான்று 10 ஆண்டு செல்லும், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் அந்த வண்டியைப் பயன்படுத்த முடியாது. செப்பனிடுபவர்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை வேறொன்று: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மைலேஜ் கிடைக்கவில்லை என்று பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டடார் டீசலையோ பியூஜோ டீசலையோ மாட்டுவது நம் ஊரில் நெடுங்காலப் பழக்கம். அப்படி மாற்றிய ஜோங்கா இந்த வாசலில் நின்றுவிடும். எனவே ஓடாத மூல எஞ்சின் உள்ள வண்டியை, நன்றாக ஓடும் மாற்று எஞ்சின் உள்ள வண்டியைவிட மேலாக மதிக்கிறேன்; வாடிக்கையாளர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 50 ஆண்டு என்பது பதிவிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 1972-இல் செய்து, 1998-இல் ஏலம் போய், அந்த ஆண்டே சிவில் எண் வாங்கிய வண்டி என்றால், எந்த ஆண்டிலிருந்து கணக்கு என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சொன்னால் பலர் முகம் சுருங்கிவிடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறை வாகனங்கள் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. பட்டாள வண்டியைப் பட்டாள வண்டியாகவே மீட்க விரும்புபவருக்கு இது வருத்தம்தான். ஆனாலும் சட்டம் அதுவே. மணல் நிறமோ சாம்பலோ அடித்து, அதை ஆர்.சி.யிலும் பதிந்துகொள்ளுங்கள், அம்புக்குறி எண்ணையும் படைப்பிரிவுச் சின்னங்களையும் திரும்ப எழுதாதீர்கள்.

இனி பட்டறைக்குள் வருவோம். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதுவது நம் மெக்கானிக்குகளின் கை தன்னாலே செய்யும் வேலை. அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்களும் புற்றுநோயும் 20 முதல் 40 ஆண்டு கழித்தே வெளிப்படும் என்பதால் யாரும் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பழைய லைனிங்கையும் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். கைக்குட்டை முகமூடி ஆகாது. பழைய பெயிண்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்கக்கூடும். உலர் எமரித் தாளால் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், அந்தக் கையோடு பன் தின்னாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

சக்கரம்தான் உடனடியாக ஆளைக் கொல்லக்கூடியது. போர்க்கால ஜீப்புகள் பலவற்றில் ரிம் இரண்டு பாதிகளாக இருந்து போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். ஹப்பில் பிடிக்கும் நட்டுகள் உள்வட்டத்திலும், இரு பாதிகளைப் பிடிக்கும் நட்டுகள் வெளிவட்டத்திலும் இருக்கும். டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்ட நட்டுகளைத் தளர்த்தினால், பாதி ரிம் ஆளின் மார்பில் வந்து மோதும். ஷக்திமான், நிஸான் ஒன் டன் போன்ற லாரிகளில் டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் லாக் ரிங்கும் அப்படியே. பஞ்சர் கடைகளில் ரிங் தெறித்து உயிர் போயிருக்கிறது. வால்வ் பின்னைக் கழற்றி, காற்று முழுவதும் போய்விட்டதைக் கையால் உறுதி செய்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்; திரும்பக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, ஒதுங்கி நின்று அடியுங்கள். உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும் காலி டேங்கை வெல்டிங் வைப்பதும் இதே வகைத் தற்கொலை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து மீட்டர்கள், திசைகாட்டிகள், விமானக் கருவிகள் ஆகியவற்றின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த ஒளிரும் பூச்சு இருக்கலாம். அது இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்பதால் ஆபத்து தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஒளிரும் துத்தநாகக் கலவை மட்டுமே கெட்டுப்போயிருக்கிறது. ரேடியம்-226-இன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டு. கண்ணாடியைத் திறந்து சுரண்டுவதும் மீண்டும் பெயிண்ட் தீட்டுவதும் கூடாது. குஜிரிச் சரக்கில் கதிரியக்கமா என்று சிரிப்பவர்கள், 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்ததை அறிய வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய காமாக் கதிர்க் கருவியை அங்கே பிரித்தபோது கோபால்ட்-60 வெளிப்பட்டது. பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். வாங்கியவருக்கு உள்ளே இருப்பது தெரிந்திருக்கவில்லை.

பழைய வயர்லெஸ் செட்டுகளை அலங்காரத்துக்கு வாங்குபவர்கள், வானொலிச் சாதனத்தை வைத்திருக்கவே உரிமம் தேவைப்படலாம் என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கிப் பாகம் எதுவானாலும் படைக்கலச் சட்டத்தின்கீழ் வரும்; தொடாதீர்கள். 'காலி' என்று சொல்லி விற்கும் குண்டு உறைகளை நான் பட்டறைக்குள் அனுமதிப்பதில்லை. 2004-இல் டெல்லிக்கு அருகே சாஹிபாபாத் எஃகு ஆலையில், வெளிநாட்டு இரும்புக் கழிவோடு கலந்து வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் பத்துப் பேர் மாண்டார்கள். வண்டியின் கருவிப் பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ அப்படி ஏதாவது தென்பட்டால், காலியா நிறைந்ததா என்று ஆராயாமல், எடுத்து ஓரமாக வைக்கவும் முயலாமல், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 112-ஐ அழையுங்கள்.