கிளியின் சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒருக்கால் ஊதிப் பாருங்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு அக்கா தன் கொக்கடைலை, அதுதான் அந்தக் கொண்டை வைத்த சின்னக் கிளியை, கூட்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். "நேற்றுவரைக்கும் வடிவாச் சாப்பிட்டது டொக்டர், இண்டைக்குத்தான் தடியை விட்டுக் கீழ இறங்கி இருக்குது" என்றார். கிண்ணம் நிறையத்தான் இருந்தது. எடுத்து மெல்ல ஊதினேன். மேலே கிடந்த கோதெல்லாம் பறக்க, அடியில் கோது நீக்கிய தினை அப்படியே கிடந்தது. அது நாள் முழுக்க உரித்திருக்கிறது, விழுங்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது சாப்பிடுவதாகத்தான் தெரியும்.

நிறுத்தபோது 66 கிராம். நெஞ்சு நடுவில் இருக்கும் எலும்பு கத்தி விளிம்பு போல விரலில் தட்டுப்பட்டது. முந்தி எவ்வளவு பாரம் இருந்தது என்று கேட்டேன், அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் குழாய் வழியாக ஊட்டியும் காப்பாற்ற முடியவில்லை, அந்த அக்கா அழுதது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து நிற்கும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால் அது அதன் இயல்பு. போதாக்குறைக்கு, உடம்பு முடியாதபோது சூட்டைக் காக்க இறகைச் சிலுப்பிக்கொள்ளும், நாங்களோ உருண்டு திரண்டு வடிவாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். 90 கிராம் கொக்கடைல் 9 கிராம் குறைந்தால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு, உடனே வைத்தியரிடம் ஓட வேண்டிய அளவு. ஆனால் அது இரண்டு தேக்கரண்டி சீனியின் பாரம்தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் தராசு வேண்டும். கேக்குக்கு மா நிறுக்கிற டிஜிட்டல் தராசு போதும், லவ் பேர்ட்ஸ் என்று நாங்கள் சொல்லும் பட்ஜி வெறும் 30, 40 கிராம்தான் என்பதால் அதற்கு அரைக் கிராமும் காட்டுவது நல்லது. காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பாடு வைக்க முன்னம் நிறுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நாலு சூரியகாந்தி விதையைக் காட்டினால் ஒரு கிழமையில் தானே ஏறிப் பழகிவிடும். சுகமான பறவைக்குக் கிழமைக்கு ஒருநாள் போதும், எண்ணைக் கலண்டரிலேயே எழுதுங்கள். ஓரிரு கிராம் ஏறி இறங்குவது வழமை. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால்தான் பயப்பட வேண்டும்.

கூட்டுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து எச்சத்தையும் பாருங்கள். பப்பாப்பழம் தின்ற அன்று தண்ணியாகப் போனால் பரவாயில்லை. எண்ணிக்கை குறைந்து, கொஞ்சமாய்க் கரும்பச்சையாகப் போனால் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம்.

சூரியகாந்தி விதை மட்டும் கொடுத்துக் கொழுக்க வைப்பதும் ஆபத்துத்தான், ஈரலில் கொழுப்புப் படியும். முருங்கையிலை, கரட், முளைவிட்ட பயறு என்று மெல்ல மாற்றுங்கள், ஆனால் பசித்தால் தின்னும்தானே என்று விதையை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். புதுச் சாப்பாட்டைச் சாப்பாடு என்றே தெரியாமல் பட்டினி கிடக்கும் கிளிகள் உண்டு. மாற்றும் நாட்களில் தினமும் நிறுங்கள்.

பாரம் இறங்கினால் கஞ்சியைச் சொண்டுக்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். கூட்டைத் துணியால் மூடிச் சூடாக வைத்து, கலண்டரையும் நேற்றைய எச்சத்தாளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வாருங்கள்.