உச்ச விசை சரி, டாம்பர் சரியா?

கட்டடங்கள், பாலங்களின் அசைவைத் தணிக்கும் எண்ணெய் டாம்பரைச் சோதனை மேடையில் பூட்டி ஓட்டினால், பார்க்க வந்திருப்பவர்கள் முதலில் கேட்பது ஓர் எண்ணைத்தான்: உச்ச விசை எவ்வளவு? வடிவமைப்பாளர் தந்த வரம்புக்குள் அது வந்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். இந்தப் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது.

டாம்பர் என்பது எண்ணெய் நிரப்பிய உருளை. உள்ளே துளையிட்ட பிஸ்டன். கட்டடம் அசையும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிப் பாய்கிறது, அசைவின் ஆற்றல் வெப்பமாகிறது. எதிர்ப்பு விசை வேகத்தைப் பொறுத்தது. ஆனால் எப்போதும் நேர்விகிதத்தில் அல்ல: விசை வேகத்தின் 0.3 அடுக்காக மட்டுமே உயரும் டாம்பரில் வேகம் இரு மடங்கானாலும் விசை ஏறத்தாழ 23 விழுக்காடுதான் கூடும்.

முன்னும் பின்னும் இயக்கி, இடப்பெயர்ச்சிக்கு எதிராக விசையை வரைந்தால் மூடிய வளையம் கிடைக்கும். நான் முதலில் பார்ப்பது, பிஸ்டன் திசை திரும்பும் மூலைகளை. எண்ணெய் குறைந்து உள்ளே காற்று புகுந்திருந்தால், திரும்பியதும் சில மில்லிமீட்டர் தூரம் விசையே எழாது. வளையத்தின் மூலை கடித்தெடுத்ததுபோல் இருக்கும். உச்ச விசையோ வளையத்தின் நடுவில், வேகம் மிகுந்த இடத்தில் வருவதால் மாறாமலே இருக்கக்கூடும். 60 மில்லிமீட்டர் வீச்சில் 6 மில்லிமீட்டர் வெற்றோட்டம் சிறிய குறையாகத் தோன்றும். காற்றில் கட்டடம் 3 மில்லிமீட்டர் அசையும் நாளில் அதே டாம்பர் வெறும் இரும்புக் குழாய்தான்.

நிலநடுக்கமே வராத ஊரிலும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தேயும். வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும் பாலம் ஒவ்வொரு நாளும் பிஸ்டனை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கசிந்த துளியை மழை கழுவிவிட்டால், வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

2018 அக்டோபரில் ஜப்பானின் கேஒய்பி நிறுவனம், டாம்பர் சோதனைத் தரவுகள் திருத்தப்பட்டதை ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 1000 கட்டடங்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. அறிக்கையில் உள்ள ஓர் எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். நொடிக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பதிவான விசை, இடப்பெயர்ச்சி, வெப்பநிலை மூன்றையும் ஒன்றோடொன்று முரணாமல் மாற்றுவது எளிதல்ல.

ஆகவே டாம்பர் வாங்குபவர்கள் சான்றிதழோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு டாம்பரின் வரிசை எண்ணுக்கும் உரிய மூலப் பதிவை முழுமையாகக் கேட்டு வாங்குங்கள். வெப்பநிலை விடுபட்டிருந்தால் ஏற்காதீர்கள்; ஓட்டத்தில் எண்ணெய் சூடேறி விசை இறங்குவது இயல்பு, அது தெரியாவிட்டால் சூட்டையும் நோயையும் பிரித்தறிய முடியாது. பொருத்தும்போதே அழுத்த உணரியையும் இடப்பெயர்ச்சி உணரியையும் சேர்த்து வையுங்கள். பிஸ்டன் நகர்வதாக ஓர் உணரி காட்டி, அழுத்தம் அசையவே இல்லை என்று மற்றது காட்டினால், முதலில் உணரிகளைச் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால் அந்த டாம்பரைக் கழற்றி, பழைய வளையத்தோடு ஒப்பிட மேடைக்கு அனுப்புங்கள்.