‘அட்டாச்டு பாத்ரூம் இருக்கா?’ என்று கேட்பதற்கு முன்

பெங்களூருவில் சனிக்கிழமை விடிகாலை காரை எடுத்தால் டிபன் நேரத்துக்குக் கிருஷ்ணகிரி வந்துவிடலாம். அந்த வசதியை நம்பித்தான் பழையபேட்டை, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் பாட்டன் காலத்து வீடு வைத்திருப்பவர்கள், “நாலு ரூம் விட்டா என்ன சார்?” என்று கேட்டு வருகிறார்கள். பின்கட்டில் குடும்பம் இருக்கும். முன்கட்டில் விருந்தினர். காலையில் அந்த வீட்டு அம்மா கையால் இட்லி, வேர்க்கடலைச் சட்னி, கேட்டால் ராகிக் களியும் கீரைக் கடைசலும். நட்சத்திர ஓட்டலில் கிடைக்காத சுகம் அது. எனக்கும் அப்படித் தங்கப் பிடிக்கும்.

பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். கட்டுமானப் பொறியாளன். ஒரு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றலாமா என்று பார்க்கக் கூப்பிடும்போது, பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் வரும்: சுவர் தாங்குமா, பாம்பு வருமா. தங்க வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். சுண்ணாம்புக் காரையில் இரண்டடிக் கனத்துக்குக் கட்டிய சுவர் அவ்வளவு லேசில் எதுவும் ஆகாது. நான் பயந்தது எல்லாம் கடந்த இருபது முப்பது வருடங்களில் அந்த வீட்டுக்குள் புதிதாகச் சொருகிய சாமான்களைப் பார்த்துத்தான்.

பழைய வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். அடுப்பு பின்கட்டில், மேலே புகைபோக்கியோடு. கிணறும் குளியலும் கொல்லைப்புறத்தில். வெந்நீர் போடும் தாமிர பாய்லரும் அங்கேயே, திறந்த வெளியில். கழிப்பிடம் அதற்கும் அப்பால். படுக்கிற இடத்தை விட்டு நெருப்பையும் தண்ணீரையும் தள்ளி வைத்துக் கட்டினார்கள். இன்றைக்கு போனில் வரும் முதல் கேள்வி, “அட்டாச்டு பாத்ரூம் இருக்கா? இருபத்து நாலு மணி நேரமும் ஹாட் வாட்டர் வருமா? ஏசி இருக்கா?” தப்பில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைக்குப் போக எனக்கும் இஷ்டமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ‘இருக்கு’ என்று பதில் சொல்ல, நெல்லும் பருப்பும் வைத்திருந்த ஜன்னலில்லாத உக்கிராண அறையைக் குளியலறையாக மாற்றி, அதற்குள் கேஸ் கீசரை மாட்டிவிடுகிறார்கள்.

முதலில் அந்த கீசரைப் பேசிவிடலாம். மற்ற எதுவும் ஆளைக் காயப்படுத்தும், இது சத்தமில்லாமல் கொன்றே விடும்.

ஒரு வீட்டில் பார்த்தது. குளியலறை நாலடிக்கு ஐந்தடி இருக்கும். புது டைல்ஸ், கண்ணாடி, எல்லாம் பளபளவென்று. தலைக்கு மேலே கேஸ் கீசர், சிலிண்டர் வெளியே. சிலிண்டரை வெளியே வைத்ததால் பாதுகாப்பாகிவிட்டது என்று வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். கதவுக்கடியில் பூரான் வராமலிருக்க ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. கீசரின் மேல்வாயில் விரலை வைத்துத் தேய்த்தால் கரி. கதவைத் திறந்து வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டிய சுடர் நுனியில் மஞ்சளாக ஆடியது. அப்புறம் கீசரை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவிடுக்கில் பிடித்தேன். புகை உள்ளே இழுபடவே இல்லை, நேராக மேலே போனது. வெளிக்காற்று உள்ளே வர வழியே இல்லாத அறை என்று அர்த்தம்.

கேஸ் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய அறையில் அது குறையக் குறைய, கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சமையல் கேஸில் கசிவு தெரியட்டும் என்று நாற்றப்பொருள் கலந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. கண்கூட எரியாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் குளித்தவர் நன்றாக வெளியே வந்துவிடலாம். அதே அறையில் அடுத்தடுத்து மூன்றாவதாக நுழைகிறவருக்குத்தான் தலை கனக்கும், குமட்டும், கால் துவளும். தாழ்ப்பாளை எட்டித் திறக்கக்கூட முடியாமல் போகும். ‘பயண அசதி, பித்தம்’ என்று படுக்கப் போட்டுவிடாதீர்கள். ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள், கேஸை மூடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வாக்கியமாக ‘கேஸ் கீசர் போட்ட பாத்ரூமில் இருந்தார்’ என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த விஷயத்தில் ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே கணக்கெடுத்து 98, 99 என்று காட்டும். அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

இதற்கான தீர்வில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. கீசரைக் கழற்றி வெளிச்சுவரில், மழை படாத திறந்த வராந்தாவில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். பழைய தாமிர பாய்லர் நின்ற இடமே சரியான இடம். மேலே சொன்ன வீட்டில் அப்படித்தான் செய்தோம், ஒரு நாள் வேலை. உள்ளே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்பார்கள். காற்று வர வழியில்லாத அறையில் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தங்குகிறவர்களுக்கு இன்னொன்று. மார்கழிக் குளிர் அங்கே நிஜமாகவே குளிர். முற்றத்தில் கேம்ப் ஃபயர் போட்டு, கோழி சுட்டு முடித்த பிறகு மிச்சக் கரிநெருப்பைத் தட்டில் அள்ளி அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. புகையில்லாத கனல்தானே என்று நினைக்கிறார்கள். அதுவும் அதே விஷம்தான். கம்பளி கேளுங்கள், கூடுதலாகவே தருவார்கள்.

அடுத்தது கரண்ட். இந்த வீடுகளில் முதல் ஒயரிங் தேக்குப் பட்டிமேல் கிளிப் அடித்து ஓட்டியது. நாலு பல்பும் ஒரு ரேடியோவும் எரிய அது போதும். அதே ஒயரின் நுனியில் இன்று இரண்டு கிலோவாட் கீசர், அதாவது சுமார் ஒன்பது ஆம்பியர், அடுத்த அறையில் ஏசி. பீஸ் அடிக்கடி போகிறதே என்று ஃபியூஸ் கட்டையில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். பீஸ் போகாது, சரி. சுவருக்குள் ஒயர் போகும். இப்போது புதிதாக ஒரு வேண்டுகோளும் வருகிறது: “ராத்திரி காருக்கு சார்ஜ் போட்டுக்கலாமா?” சாதாரண ப்ளக்கில் போடும் சிறிய சார்ஜரே பதினைந்து ஆம்பியர் அளவுக்கு மணிக்கணக்கில் இழுக்கும். தனி லைன், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் திண்ணை ப்ளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு காருக்கு சார்ஜ் ஏற்றுவது விபரீதம். வீட்டுக்காரர் தாட்சண்யத்துக்காகச் சரி என்பார். நீங்கள் கேட்காமலிருப்பது நல்லது.

எர்த் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மண் பாதிக்குப் பாதி பாறை. நாலடி தோண்டினால் கல் தட்டும். அங்கேயே குழாயைச் செருகி மூடிவிட்டு ‘எர்த் கொடுத்தாச்சு’ என்றால், கோடையில் மண் காய்ந்ததும் அந்த எர்த் பெயருக்குத்தான். ஈரம் தங்கும் இடம் பார்த்து, கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து அளந்தும் பார்க்க வேண்டும். அதோடு 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு ஒருவர் கரண்ட் கசியும் கீசரைத் தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டிப்பது அதுதான். எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது. அதற்கு ஓவர் லோடும் ஷார்ட் சர்க்யூட்டும்தான் தெரியும்.

கரண்டும் ஓதமும் சேரும் இடம் சுவர். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சு, பட்டி, வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் என்று அடுக்கினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி சுவிட்ச் போர்டு வரைக்கும் வரும். பெயிண்ட் உப்பி, பொடிப்பொடியாக உதிர்ந்து, அறையில் ஒரு வாடை அடிக்கும். ‘பழைய வீடுன்னா அப்படித்தான்’ என்பார்கள். பழைய வீடு அப்படி இல்லை. போன தீபாவளிக்கு அடித்த பெயிண்டால் வந்தது அது. சிமெண்டைச் சுரண்டிவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பே பூசினால் ஓரிரு பருவத்தில் சுவர் காயும்.

இனி மாடி. ஓட்டு வீடு என்றால் இந்தப் பேச்சே இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் கட்டை ஒட்டு மாடிதான் கவலை. தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு பதித்த கூரை. ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன். அதை அறையின் நடுவே, உத்திரத்தின் வயிற்றுக்கு நேர் மேலே வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இது போதாதென்று, ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு சிமெண்ட் பூச்சு. நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் போட்டால் ஏறத்தாழ அரை டன் சேர்கிறது. மூன்று முறை போட்ட மாடியில் என்ன பாரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் ஸ்பீக்கர் வைத்து இருபது பேர் ஆட்டம்.

உத்திரம் நடுவில் பளபளப்பாகத்தான் இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிகள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் நுனிப்பக்கம் தட்டினால் சத்தம் மாறும். டொக்கென்று கேட்டால் கரையான் உள்ளே குடித்தனம் பண்ணுகிறது. தங்க வருகிறவர் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. படுத்துக்கொண்டு மேலே பார்த்தாலே போதும். உத்திரத்தை ஒட்டி நீளவாக்கில் புது விரிசல், காலையில் தரையில் மரத்தூள், நடுவில் தொங்கலாக வளைந்த உத்திரம், இதில் ஏதாவது இருந்தால் வேறு அறை கேளுங்கள். மாடி விருந்துக்குப் பதில் முற்றத்தில் உட்காருங்கள்.

சாவி விஷயம் சின்னது, ஆனால் யாரும் கேட்பதில்லை. பழைய வீட்டு ஜன்னலில் இரும்புக் கம்பி, வெளியே குதிக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்குத் திண்ணை கிரில்லைப் பூட்டிச் சாவியைப் பெரியவர் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். தீப்பிடித்தால் என்ன செய்வது? ஒரு சாவி உள்பக்கம் ஆணியில் தொங்கட்டும், எங்கே என்று வந்த அன்றே காட்டச் சொல்லுங்கள். கொல்லைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் குழந்தை ஏறும் உயரமா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

குடிநீரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல். இரண்டு நாள் தங்குகிறவர்களுக்குப் பயமில்லை. ஆனால் வருடம் முழுக்க அங்கேயே இருக்கும் குடும்பம் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கொஞ்சம் கூடத்தான் செய்யும். விருந்தினரைவிட இது வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. புதுக் கழிவறைக்குத் தோண்டிய உறிஞ்சுகுழி பழைய கிணற்றிலிருந்து அறுபது அடியாவது தள்ளி இருக்கிறதா என்பதும் அவர்கள் பாடுதான்.

பதிவு செய்துகொள்வதும் அவர்களுக்கு நல்லது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை உள்ள, உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்கும் வீடுகளைத் தங்கம், வெள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அதற்கான படிவத்தில் அரசுக்கு அனுப்ப வேண்டும். சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல் கீசரையும் பாருங்கள். இன்னொரு விஷயத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். 1792-லிருந்து 1799 வரை ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ, அன்று பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் வேலை பார்த்தார் என்பது வரலாறு. இந்தப் பக்கம் திண்ணை உள்ள எல்லா வீட்டிலும் அவர் தங்கியிருக்கிறார் என்பது வீட்டுக்காரர்களின் பிரியம். கேட்டுக்கொள்ளுங்கள், நன்றாகச் சொல்வார்கள்.

புக் செய்யும்போது போனில் கேட்டால் போதும்: வெந்நீர் கேஸா கரண்டா, கேஸ் என்றால் கீசர் பாத்ரூமுக்கு உள்ளேயா வெளியேயா, ஆர்.சி.சி.பி. உண்டா, ராத்திரி சாவி எங்கே இருக்கும். ‘பாத்ரூமுக்கு உள்ளே’ என்று பதில் வந்தால் சண்டை போட வேண்டாம். “வாளியில் வெந்நீர் கொடுத்துடுங்கம்மா, அது போதும்” என்று சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள்.

வீட்டுக்காரர்களுக்கு: எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணம் இருக்காது, தெரியும். ஆர்.சி.சி.பி. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை, இந்த வாரமே போட்டுவிடுங்கள். அடுத்த புக்கிங் வருவதற்குள் கீசர் வெளியே போகட்டும். டேங்கை இன்றைக்கே பாதி மட்டத்துக்கு மேல் நிரப்பாமல் விட்டு, பிறகு சுவருக்கு நேர் மேலே நகர்த்துங்கள், அல்லது கொல்லையில் தனியாகத் தூண் கட்டி ஏற்றுங்கள். சுண்ணாம்பு வேலைக்கு மட்டும் அவசரப்படக் கூடாது. சித்திரை வெயிலில் பூசினால் காய்ந்து வெடிக்கும், மழையில் பூசினால் கரையும். தை, மாசிதான் தோது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் பேர்தான், கார்த்திகையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.