மாதவிடாய் முறை தவறுகிறதா? பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே சொல்லலாம்

பெண் பெரியவளானால் மண்டபம் பிடித்து, தாய்மாமன் தட்டுகளோடு வந்து நிற்க, ஊரைக் கூட்டிச் சீர் செய்கிறோம். அதே பெண்ணுக்கு இரண்டு மாதம் தீட்டு வராவிட்டால் அடுப்படியில் கிசுகிசுத்துவிட்டு, எள்ளுருண்டையும் பப்பாளியும் கொடுத்துப் பார்க்கிறோம். இந்தக் குறையைக் கேட்டறிவதற்கென்று அரசாங்கப் படிவத்திலேயே ஒரு வரி இருப்பது, கோபிப் பக்கமும் பல்லடத்திலும் நான் பேசிய தாய்மார்களில் பலருக்குத் தெரியவில்லை.

ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வேனில் வரும். எடை, உயரம், கண், பல் பார்ப்பதோடு வளரிளம் பெண்களிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்க வேண்டும்: மாதவிடாய் தள்ளிப்போகிறதா, முறை தவறுகிறதா, அந்த நாட்களில் வலிக்கிறதா, நாற்றத்தோடு வெள்ளை படுகிறதா.

நடப்பது வேறு. ஒரு பள்ளியில் பார்த்தேன். எடை பார்க்கும் கருவியைச் சுற்றி முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, செவிலியர் எல்லோருக்குமாக "மாதவிடாய் சரியாக வருகிறதா கண்ணுகளா?" என்றார். முப்பது தலையும் ஆடின. வரிசை கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் தாவணி முனையைத் திருகியபடி திரும்பி வந்தாள். "அக்கா, எனக்கு நாலு மாதமாக வரவில்லை." படிவத்தில் அந்த வரிக்கு நேரே அப்போதுதான் குறி விழுந்தது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது பிள்ளையின் உரிமை. கூச்சமாக இருந்தால் வகுப்பாசிரியை மூலம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

எது சாதாரணம், எதற்குப் போக வேண்டும்? பூப்பெய்திய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் கருமுட்டை மாதாமாதம் வெளிவருவதில்லை. அதனால் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. 90 நாளுக்கு மேல் வராமலே இருப்பது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, 15 வயதாகியும் பூப்பெய்தாதது ஆகியவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. தைராய்டு கோளாறோ சினைப்பை நீர்க்கட்டிகளோ காரணமாக இருக்கலாம். அதிக உதிரப்போக்கு ரத்தசோகையில் கொண்டுபோய் விடும்.

குறி விழுந்த பிள்ளையை வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பள்ளியை நிறுத்திவிட்டு மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களை இந்த வேன் எட்டாது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். ஆனால் 2014இல் வந்த வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் உரியது; படிக்கிறார்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின் இலவசம். கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு ஒன்பதுதான். உதிரப்போக்கு அதிகமுள்ள பிள்ளைக்கு இது போதாது. போதாமல் போவதையும் நர்சம்மாவிடம் சொல்ல வேண்டும். அதுவும் ஓர் அறிகுறி. வாரம் ஒன்றாகப் பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது நாள்காட்டியைக் கொண்டு போங்கள். தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் வட்டமிட்டிருந்தால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கு மகளே பதில் சொல்லிவிடுவாள். நேரில் போவதற்கு முன் பேசிப் பார்க்க 104க்கு அழைக்கலாம்.