தண்ணீர் கொட்டினாலும் அது வறண்ட கண்தான்

"டொக்டர், கண்ணுல மண்ணு போட்ட மாதிரி உறுத்துது. தண்ணி வேற நிக்காம கொட்டுது." தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிற அம்மா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கண் வறண்டிருக்கிறது என்றதும் சிரித்துவிட்டார். கொட்டுகிற கண் எப்படி வறளும்?

சாயத்தாளைக் கீழிமைக்குள் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் கீழ்ப்பகுதியில் ஊசியால் குத்தியதுபோல் பச்சைப் புள்ளிகள். எல்லாம் மேல்தோல் உரிந்த இடங்கள்.

நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை சிமிட்டுகிறோம் என்றால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 14,000 தடவைக்கு மேல் இமை கருவிழியைத் தடவிப் போகிறது. புண்ணாகாமல் காப்பது நடுவிலுள்ள கண்ணீர்ப் படலம். மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று, நாலு பங்குதான் அதன் தடிப்பு. கருவிழியோடு ஒட்டிச் சளிப்பசை, நடுவில் நீர், மேலே இமை ஓரச் சுரப்பிகள் விடும் எண்ணெய். எண்ணெய் குறைந்தால் நீர் ஆவியாகும். பசை குறைந்தால் நீர் ஒட்டாது. உராய்ந்த இடம் எரிய, கண் பதறி வெறும் நீரைக் கொட்டும். அது கன்னத்தில் வழியுமே தவிர கண்ணில் நிற்காது.

"அப்ப, ரோலருக்கு கிரீஸ் போடாம தண்ணி ஊத்தின மாதிரியா?" என்றார் அவர். வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் இருந்தவராம். நான் இத்தனை வருடம் சொன்ன விளக்கங்களைவிட இது நன்றாக இருக்கிறது.

கண் வறளக் காரணங்கள் பல. மலைச்சரிவில் நாள் முழுக்கக் காற்று, அப்புறம் லயத்துக் காம்பராவில் விறகுப் புகை. மாதவிடாய் நின்ற வயது. தடிமனுக்கு அடிக்கடி போடும் குளிசைகளில் சிலதும் கண்ணை வறளச் செய்யும். ஃபோனையே பார்க்கும் பிள்ளைகள் சிமிட்டவே மறக்கிறார்கள்.

கண்ணை வழுவழுப்பாக வைக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து கொடுத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பதனப்பொருள் கலக்காத வகையே நல்லது. திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இளஞ்சூட்டுத் துணியால் இமையில் ஐந்து, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் அடைத்த எண்ணெய் இளகும்.

எனக்குக் கோபம் வந்தது அவர் பையிலிருந்த இன்னொரு போத்தலைப் பார்த்துத்தான். பக்கத்துக் காம்பராவில் வாங்கிய மிச்ச மருந்து, ஸ்டீரொயிட். சிவப்பு சட்டென்று குறையும். நாள்பட விட்டால் கண் அழுத்தம் ஏறும், கிருமிப் புண் இருந்தால் முற்றும். கண்ணுக்குள் தாய்ப்பால் விடுவதும் வேண்டாம்.

தேயிலைக் குச்சி குத்தியிருந்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ சொட்டு மருந்தை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.