ஏரிக்குப் பக்கத்தில் கல்லூரி: மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

“ஏரிக்குள்ளயா கட்டுறோம்? தள்ளித்தானே கட்டுறோம்!” வேலூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி ஒரு கல்லூரிக்கோ விடுதிக்கோ அஸ்திவாரம் தோண்டினால், தெருக்காரர்களுக்குக் கிடைக்கும் முதல் பதில் இதுதான். பிறகு பேச்சு முழுக்க எத்தனை மீட்டர் என்பதிலேயே சுற்றும். என்னைக் கேட்டால், கட்டடம் எந்தப் பக்கம் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வட ஆற்காட்டு ஏரிகள் பெரும்பாலும் மனிதர்கள் உண்டாக்கியவை. சரிவான நிலத்துக்குக் குறுக்கே மண்கரை போட்டு ஓடுகிற தண்ணீரை மறித்தார்கள். மகேந்திரவாடியில் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டே அங்கிருந்த ‘மகேந்திர தடாகத்தை’ச் சொல்கிறது, அவ்வளவு பழைய ஏற்பாடு. மேட்டுப்பக்கத்து ஓடைகளும் வரத்துக்கால்வாய்களும் தண்ணீரைக் கொண்டுவரும். மதகு வழியாக வயலுக்குப் போகும். நிறைந்தால் கோடி எனப்படும் உபரிநீர்ப் போக்கு வழியாக வெளியேறிக் கீழே இருக்கிற அடுத்த ஏரிக்கு ஓடும்.

மேட்டுப்பக்கம் கட்டினால் என்ன ஆகும்? 10 ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் சுமார் 20 லட்சம் லிட்டர். காய்ந்த புதர்க்காடாக இருந்தால் பெரும்பகுதியை மண் குடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 4 லட்சம் லிட்டர். அந்த இடம் முழுக்கக் கூரையும் கான்கிரீட்டுமாக மாறினால் 18 லட்சம் லிட்டர் ஓடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 150 லோடு! அதுவும் புல்லிலும் குழியிலும் தடுக்கித் தடுக்கி வந்த தண்ணீர், இப்போது சிமென்ட் வாய்க்காலில் சில நிமிடங்களில் வந்து சேரும்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் அடைமழை பெய்தபிறகு வெறும் நிலமும் நனைந்து ஊறி, மேலே விழுவதில் பெரும்பகுதியை அப்படியே வழியவிடும். கட்டடத்தால் கூடும் நீர் பெரிதாகத் தெரிவது கோடை மழையிலும் பருவத்தின் முதல் மழையிலும்தான். பெருவெள்ளத்தில் ஆளைக் கவிழ்ப்பது வேறு விஷயம்: அடைபட்ட கால்வாய். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது ஏரிகளும் நிறைந்து கோடி போயின. அப்படிப் போகிற தண்ணீருக்குத் தெரிந்தது பள்ளம் மட்டும்தான்.

ஆகவே கீழ்ப்பக்கம், கோடிக்கால்வாய் ஓரமாகக் கட்டுவதுதான் அதிக ஆபத்து. லோடு லோடாக மண் அடித்து மனையை மேடாக்குவார்கள். கல்லூரி நனையாது; ஒதுங்கிய தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள் நுழையும். வழி அடைபட்டுத் தண்ணீர் பின்னுக்கு ஏறினால் ஏரியின் மட்டமும் உயரும், மண்கரைக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. “கால்வாயை மூடல, குழாய் போட்டிருக்கோம்” என்பார்கள். குழாயின் அளவைக் கேளுங்கள். ஒரே சரிவில் 4 அடிக் குழாய்க்குப் பதில் 2 அடிக் குழாய் போட்டால், போகும் நீர் பாதியாகாது. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். குறுக்களவு பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிறது, சுவரில் உரசும் பங்கு கூடுவதால் வேகமும் குறைகிறது. குப்பை அடைப்பதை இதில் சேர்க்கவே இல்லை.

கிணற்றுக் கவலையும் நியாயமானதுதான். இங்கே அடியில் கடும்பாறை. அதன் மேலிருக்கும் சிதைந்த பாறை அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் நிலத்தடி நீர் தங்குகிறது. பேஸ்மென்ட் தோண்டும்போது ஊறும் நீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் இறங்கும். வேலை முடிந்து இறைப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல ஏறிவிடும். விடுதிக்கென்று நிரந்தரமாகப் போர்வெல் போட்டால் அந்த ஆறுதலும் கிடையாது.

அப்புறம் சாக்கடை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில், 1,000 பேர் தங்கும் விடுதியிலிருந்து தினமும் லட்சம் லிட்டருக்கு மேல் கழிவுநீர் வரும். சுத்திகரிக்காமல் ஏரியில் விட்டால் அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். இருந்தாலும் நாலு மூலையில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகுழி நாலு தோண்டினால் மேலே சொன்ன 18 லட்சத்தில் துளிதான் பிடிபடும். கூடுதலாக ஓடும் 14 லட்சம் லிட்டரைப் பிடித்துவைத்து மெதுவாக விட, ஒரு ஏக்கரில் ஒரு அடிக்குச் சற்று அதிகமான ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் அளவு பள்ளம் வேண்டும். விளையாட்டு மைதானத்தைச் சற்றுத் தாழ்வாக அமைத்தாலே அந்த இடம் கிடைத்துவிடும். இதற்கு முன், கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று பார்த்து, கட்டட வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.